பொன் சமயத்தாரைச் சூனியக்காரர்கள் என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி அமாவாசையை ஒட்டி உங்கள் ஆன்மிக இணைப்பிதழில் வந்த கயிலாயக் கட்டுரையில் ஒரு வரி: ‘பௌத்தம் வரும்வரை திபெத்தில் பண்பாடு என்று எதுவும் இல்லை, பொன் என்ற பில்லிசூனியம்தான் இருந்தது.’ அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த திருவையாற்றுக்காரன் நான். பொன் என்பது திபெத்தியரின் ஒரு சமயம்; அதைச் சூனியம் என்றதும் அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

கயிலையைச் சுற்றிய மேற்குத் திபெத்தில் ஷாங் ஷுங் என்றொரு அரசு இருந்ததும், 7-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் காம்போ தன் சகோதரியை அந்த மன்னனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த நாட்டையே பிடித்துக்கொண்டதும் தாங்கள் அறியாததல்ல. அந்தப் பகுதியில் குர்க்யம் என்ற இடத்தில் இருந்த பழைய கல்லறையைத் தோண்டியபோது சீனப் பட்டும், சுமார் 1,800 ஆண்டுப் பழமையான தேயிலையும் கிடைத்தன. திபெத்துக்குப் பௌத்தம் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய சரக்கு அது. பண்பாடு இல்லாதவர்கள் இருந்த இடத்திற்கா அவ்வளவு தூரத்திலிருந்து பட்டும் தேயிலையும் வந்தன?

பொன் சமயத்தார் தங்கள் குரு தோன்பா ஷென்ராப் 18,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார் என்கிறார்கள். அது அவர்கள் நம்பிக்கை. வரலாறாக நான் வாதாட வரவில்லை. இன்று நாம் காணும் பொன் சமயம் 10, 11-ஆம் நூற்றாண்டுகளில்தான் முறையாகத் திரண்டது என்று ஆய்வாளர்கள் சொல்வதும் தெரியும். ஆனால் மன்னர்களின் ஈமச்சடங்குகளை நடத்திய பொன் பூசாரிகள் அதற்கு முன்பே இருந்தார்கள். சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய சுவடிகளே அதற்குச் சான்று. கணவாய்களில் கட்டும் கொடிகள், ஜூனிபர் என்ற மலை மரத்தின் தழையை எரிக்கும் புகை, மலைத் தெய்வ வழிபாடு எல்லாம் பௌத்தத்திற்கு முந்தைய திபெத்தின் சொத்து.

வேலை நிமித்தம் ஹிமாசலத்தில் சோலன் பக்கம் சில காலம் இருந்தேன். அங்கே டோலாஞ்சியில் பொன் சமயத்தாரின் மென்ரி மடாலயம் இருக்கிறது. 1405-இல் திபெத்தில் தொடங்கியதை அகதிகளாக வந்தவர்கள் 1960-களில் இங்கே மறுபடி நிறுவினார்கள். ஒரு நாள் வயதான துறவி ஒருவர் துணியில் சுற்றிய ஏட்டுக் கட்டைப் பிரித்தார். தைக்காத நீண்ட தாள்கள். வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். நோய்க்கு வைத்தியம், நாள் பார்ப்பது, மேலே போனால் தியானம் என்று ஒன்பது படிகளாகத் தங்கள் நெறியை எனக்கு விளக்கினார். அந்த மனிதரையா சூனியக்காரர் என்கிறீர்கள்?

அப்புறம் கயிலைக்கும் போனேன். பொன் சமயத்தார் மலையை நமக்கு எதிர்த்திசையில், இடமாகச் சுற்றுவார்கள். எதிரே வந்த ஒரு கிழவியிடம் எங்கள் குழுவில் ஒருவர் ‘தப்பாப் போறாங்க’ என்று கத்தினார். அந்த அம்மா சிரித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். எனக்குத்தான் கூசியது. பயண ஏற்பாட்டாளர்கள் கொடுத்த கையேட்டிலும் பொன் பற்றி ஒரு சொல் இல்லை. இவையெல்லாம் உங்கள் பத்திரிகை போன்றவற்றைப் படித்து வளர்ந்த அறியாமை என்றுதான் சொல்வேன்.

முன்பொரு முறை பொன் சமயத்தாரின் இடப்பக்கம் சுழலும் ஸ்வஸ்திகத்தை ‘நாஜி சின்னம்’ என்று படக்குறிப்பில் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. இன்னொரு கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி வெளியிட்டீர்கள். நாற்பதாண்டு வாசகனுக்கு அவ்வளவுதான் மரியாதை போலும். தலாய் லாமாவே 1988-இல் மென்ரிக்குச் சென்றார். புலம்பெயர் திபெத்திய நாடாளுமன்றத்தில் திபெத்தின் நான்கு பௌத்தப் பிரிவுகளைப் போலவே பொன்னுக்கும் 2 இடங்கள் உண்டு. திபெத்தியப் பௌத்தர்களே சமமாக உட்கார வைத்தவர்களை நாம் கீழே தள்ளுவது என்ன நியாயம்?

அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மூன்று வரி போதும். இணையப் பதிப்பிலும் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவையாறு.