பிஎச்பி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு, ஒரு ஃபோல்டர் விஷயமாக

கல்லூரிகளிலும் பயிற்சி நிலையங்களிலும், இணையதளங்களுக்கான புரோகிராம் மொழியான பிஎச்பி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளின் புரோகிராம்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஃபோல்டர் இல்லாத இடத்தில் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் எழுதுகிறார்கள். ஃபோல்டர் இருக்கிறதா என்று ஃபைல்_எக்ஸிஸ்ட்ஸ் போட்டுப் பார்ப்பது, இல்லையென்றால் அதை உருவாக்கும் எம்கேடிர் போட்டு, எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 0777 கொடுப்பது, வார்னிங் வராமலிருக்க முன்னால் ஒரு @ குறி. நானும் அப்படித்தான் படித்தேன், அதனால் அவர்களைக் குறை சொல்லவில்லை.

நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். சான்றிதழ்களை மாதத்துக்கு ஒரு ஃபோல்டரில் சேர்க்கும் தளம் அது. மாதம் பிறந்த நள்ளிரவில் இரண்டு பேர் ஒரே நொடியில் கோப்பு ஏற்றினார்கள். இருவருக்கும் ஓடிய புரோகிராம், ஃபோல்டர் இல்லை என்று பார்த்தது. ஒருவருக்கு உருவாகிவிட்டது. மற்றவருக்கு, ஏற்கெனவே இருப்பதால், எம்கேடிர் ஃபால்ஸ், அதாவது முடியவில்லை என்ற பதில், தந்தது. நாங்கள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஃபோல்டரோ கல்லுக்குண்டாக அங்கேயே இருக்கிறது! @ குறி புண்ணியத்தில், பிழைகள் பதிவாகும் லாக்கில் ஒரு வரி இல்லை. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது.

லினக்ஸில் எம்கேடிர் கட்டளைக்கு -பி கொடுத்தால், ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தாலும் சண்டை போடாது. பிஎச்பியின் எம்கேடிருக்கு மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தாலும் அந்தத் தாராளம் கிடையாது; நடுவிலுள்ள ஃபோல்டர்களை உருவாக்கித் தரும், அவ்வளவுதான். ஆகவே உருவாக்கிய பிறகும் ஒருமுறை கேட்க வேண்டும். ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்_டிர் இல்லை என்கிறது, எம்கேடிரும் முடியவில்லை, மறுபடி கேட்டாலும் இஸ்_டிர் இல்லை என்கிறது: மூன்றும் சேர்ந்தால்தான், பிழை என்று அறிவிக்கும் எக்ஸெப்ஷன் எறியலாம். இரண்டாவது இஸ்_டிர் பழைய பதிலையே சொல்லுமோ என்ற பயம் வேண்டாம், "இல்லை" என்ற பதிலை பிஎச்பி நினைவில் வைப்பதில்லை.

அப்புறம் அந்த 0777. பல சர்வர்களில், புதிதாக உருவாவதன் உரிமைகளைக் கத்தரிக்கும் யுமாஸ்க் 022 என்ற அமைப்பு அதை 0755 ஆகக் குறைத்துவிடுவதால் யாருக்கும் உறைப்பதில்லை. 0755 என்றே எழுதச் சொல்லுங்கள், முன்னால் உள்ள சுழியத்தோடு; அந்தச் சுழியம்தான் இது எண்ணடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண் என்பதற்கு அடையாளம். ஒரு பையன் வெறும் 755 போட்டான். பிஎச்பி அதைப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எண்ணடிமானத்தில் அது 1363. அதனால் ஃபோல்டரின் சொந்தக்காரருக்கே படிக்கும் உரிமை போய்விட்டது. கோப்புகள் உள்ளே போயின, உள்ளே இருப்பதைக் காட்டும் ஸ்கேன்டிர் போட்டால் பட்டியல் வரவில்லை.

படிக்கும்போது ஃபோல்டர் இல்லையென்றால் ஸ்கேன்டிர் ஃபால்ஸ் தரும். அதை அப்படியே, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச்சில் தள்ளுகிறார்கள், அதையும் கொஞ்சம் கண்டியுங்கள்.

அடுத்த லேப் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். @ குறியை எடுத்துவிட்டு, கேட்கும் வரிக்கும் உருவாக்கும் வரிக்கும் நடுவே, ஐந்து நொடி காத்திருக்க வைக்கும் ஸ்லீப் 5 போட்டு, ஒரே புரோகிராமை இரண்டு டெர்மினலில் அடுத்தடுத்து ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டாவது திரையில் வார்னிங் வந்து விழும்.

அன்புடன்,
பழைய புரோகிராம்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் ஒருவன்