ஒடியல் பைக்கற்றில் உன் பெயர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த உன் புழுக்கொடியல் பொதியும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அருவிவெட்டு முடிந்து தெருவோரமெல்லாம் நெல் காய்கிறது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, திரும்பவும் பாய் இழைக்கத் தொடங்கிவிட்டா. உன் மாமியின் முழங்கால் இப்ப எப்படி?

பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் நல்ல வடிவு. ஆனால் அதில் இருப்பது உன் போன் நம்பரும் பேஸ்புக் பக்கத்தின் நீளப் பெயரும்தான். ரொறன்ரோவில் ஒரு சித்தி அந்தப் பைக்கற்றைத் தின்று முடித்துவிட்டு, இன்னும் வேண்டுமென்றால் எங்கே தேடுவா? பேஸ்புக்கில் புழுக்கொடியல் என்று போட்டால் யார் யாரோ வருவார்கள். டொமைன் பெயர், அதாவது இன்டர்நெற்றில் தட்டினால் நேரே உன்னிடம் வருகிற முகவரி, தேவையா என்று கேட்டாய் அல்லவா, என் பதில் இதுதான்: உனக்கென்று ஒன்று கட்டாயம் வேண்டும். வெப்சைட் பிறகு செய்யலாம், பெயரை முதலில் எடு.

வெப்சைட் இல்லாமல் பெயர் எதற்கு என்று யோசிப்பாய். அந்தப் பெயரைத் தட்டினால் உன் பேஸ்புக் பக்கத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகிற மாதிரி ஃபோர்வார்ட் பண்ணிவிடலாம். நாளைக்குப் பக்கம் முடங்கினாலும், கடையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனாலும், அச்சடித்த ஸ்டிக்கரை மாற்றத் தேவையில்லை. பெயர் போய்ச் சேருகிற இடத்தை மட்டும் நீ மாற்றுவாய். பேஸ்புக் பக்கம் பிறத்தியாரின் வளவில் போட்ட கொட்டில். டொமைனும் உறுதிக்காணி இல்லை, வருசா வருசம் காசு கட்டுகிற குத்தகைதான். ஆனால் குத்தகைத் துண்டு உன் கையில் இருக்கும்.

அது உன் கையில்தான் இருக்க வேண்டும். மல்லாவிப் பக்கம் தேன் விற்கிற தம்பி ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர், பெயரைத் தன்னுடைய கணக்கில், தன் மெயிலில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் ஒன்றும் தம்பியின் கண்ணில் படவில்லை. டொட் கொம் பெயர் என்றால், காலாவதியாகி, பெயரைப் பதிந்துதந்த நிறுவனம் அழித்த பிறகும் 30 நாள் மீட்டெடுக்கலாம், ஆனால் மேலதிகக் கட்டணம் பிடிப்பார்கள். அதன்பின் 5 நாள் கழிந்தால் யாரும் வாங்கலாம். அவருக்கு எல்லாம் கழிந்த பிறகுதான் தெரிந்தது. பழைய பெயரோடு அச்சடித்த லேபிள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடக்கிறது. பார்க்க எனக்கே வயிறு எரிந்தது. ஆர் செய்து தந்தாலும் கணக்கு உன் மெயிலில், பாஸ்வேர்ட் உன்னிடம். டொட் கொம் பெயரைப் பதிந்ததும் மெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அமத்து, இல்லையென்றால் பெயரை நிறுத்திவிடுவார்கள்.

இனிப் பெயர். நீ எழுதிய "வன்னிப் புழுக்கொடியல்" சொல்ல நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லிப் பார். ழுவுக்கு நாங்கள் எல் போடுவோம், இந்தியாக்காரர் இசட் எச் போடுவார்கள். க்-க்கு ஒரு கேயா இரண்டு கேயா? போனில் ஒருதரம் சொன்னால் பாரிஸில் இருக்கிற பெரியம்மா பிழையில்லாமல் எழுத வேண்டும், அதுதான் சோதனை. இரண்டு மூன்று அசை, கோடு வேண்டாம், இலக்கம் வேண்டாம். ஒடியலின் பெயரும் வேண்டாம், நாளைக்கு நீ மிளகாய்த்தூளும் போடுவாய். எப்படியும் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்றால் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடு.

டொட் கொம்மா, இலங்கைக்கான டொட் எல்கேயா என்றால், நான் எல்கே பக்கம். வெளிநாட்டுச் சனத்துக்குக் கொம்தான் கைப்பழக்கம், அது உண்மை. ஆனால் உன் சரக்கின் பெறுமதியே இந்த மண்ணிலிருந்து வருகிறது என்பதுதான், அதைப் பெயரே சொல்லிவிடும். ஏலுமென்றால் இரண்டையும் எடு. தமிழிலேயே டொட் இலங்கை 2010இலிருந்து இருக்கிறது. பார்க்க மனம் குளிரும், ஆனால் தமிழ் விசைப்பலகை இல்லாத போனில் தட்டுவது கஷ்டம், அதை முதல் பெயராக வைக்காதே.

பெயர் வந்த பிறகு செய்ய ஒரு வேலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. யாழ்ப்பாணம் முற்றவெளி வர்த்தகச் சந்தையில் கொடுக்கிற துண்டில் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு "யாழ்" என்று அச்சடி. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற வெளிநாட்டுச் சனத்துக்குக் கொடுப்பதில் வேறொரு சொல். எந்தத் துண்டைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், அடுத்த வருசம் காசை எங்கே போடுவதென்று தெரியும். மெயிலையும் அந்தப் பெயரிலேயே எடு. இலண்டன் கடைக்காரருக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது அதற்கொரு மதிப்பு இருக்கும்.

மூன்று நான்கு பெயர் எழுதி அனுப்பு, ஒன்றும் வாங்கிவிடாதே. எது இன்னும் ஒருவரும் எடுக்காமல் இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறேன். கிளிநொச்சிக்கு வரும்போது வங்கி அட்டையைக் கொண்டுவா, இருந்து பதிவோம். அரைக் கிலோ ஒடியல் மாவும் கொண்டுவா, அம்மா கூழ் காய்ச்சக் கேட்கிறா.

அன்புடன்,
ஒரே வாங்கில் இருந்து படித்தவள்