சொல் முந்தியதா, தெய்வம் முந்தியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில், அன்றாடச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் பழைய செமிட்டியத் (அரபி, எபிரேயம் முதலிய மொழிகளின் குடும்பம்) தெய்வங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் அடித்தளத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் மௌத்து (சாவு), சஹர் (விடியலுக்கு முந்திய நேரம்), சலாம் (வாழ்த்து) ஆகிய மூன்று அரபிச் சொற்களும் கானானியத் தெய்வங்களின், அதாவது பண்டைய சிரிய-பாலஸ்தீன வட்டாரத் தெய்வங்களின், பெயர்களிலிருந்து பிறந்தவை என்கிறது கட்டுரை. மௌத்து வீட்டுக்குப் போய்வருகிறவரும், நோன்புக்காகச் சஹர் நேரத்தில் எழுகிறவரும் இதைப் படித்தால், அறியாமலே ஒரு பழைய தெய்வத்தின் பெயரைச் சொல்லி வந்தோமோ என்று கலங்குவார்கள். அந்தக் கலக்கத்துக்கு இடமே இல்லை.

முதலில் மௌத்து. 1928இல் சிரியக் கடற்கரையில் ஓர் உழவரின் கலப்பை கல்லறை ஒன்றின் மூடுகல்லில் தட்டியது. மறு ஆண்டே அகழாய்வு தொடங்கி, பக்கத்து ராஸ் ஷம்ரா மேட்டிலிருந்து உகாரித் என்ற நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் 30 குறிகள் கொண்ட ஆப்பெழுத்து நெடுங்கணக்கு இருந்தது. அந்தப் பலகைகள் சொல்லும் கதையில்தான் மோத் வருகிறான். ஓர் உதடு பூமியிலும் மறு உதடு வானத்திலும் இருக்க, நாக்கு விண்மீன்களை எட்ட, வாயைப் பிளந்து மழைத் தெய்வமான பாகாலை விழுங்குகிறவன் அவன். கட்டுரை இதை நன்றாகவே விவரித்தது. பிழை அடுத்த வாக்கியத்தில்தான். மோத் என்ற பெயரிலிருந்து மௌத்து வரவில்லை. சாவைக் குறிக்கும் பொதுச்சொல்லே அந்தக் கதையில் ஆள் உருவம் எடுத்து நிற்கிறது.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? பண்டைய மெசபொத்தேமியாவின் அக்காடியத்தில் ‘மூத்து’, எபிரேயத்தில் ‘மாவெத்’, அரபியில் ‘மவ்த்’, எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் ‘மோத்’, மால்டா தீவில் இன்றும் ‘மெவ்த்’. செமிட்டியக் குடும்பத்தின் எல்லாக் கிளைகளிலும் சாவுக்கு இதே சொல். இவற்றில் அக்காடியம் எல்லாவற்றுக்கும் முன்பே தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டது. பாகாலை விழுங்கும் கதையோ கானானிய வட்டாரத்துக்கு உரியது. ஒரு கிளையின் கதை மற்றக் கிளைகளுக்குச் சொல் கொடுத்திருக்க முடியாது. தமிழில் காலம் என்ற சொல்லிலிருந்து காலன் வந்தான். காலனிலிருந்து காலம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மோத்தின் கதையும் அதேதான்.

சஹர், சலாம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உகாரித்தில் ஷஹர், ஷலிம் என்று இரட்டைப் பிள்ளைகள்: ஒருவன் விடியல், மற்றவன் அந்தி. எபிரேயத்தில் ‘ஷ’ நிற்கும் இடத்தில் அரபியில் ‘ஸ’ நிற்பது ஒழுங்கான ஒலி மாற்றம்: ஷாலோம் – ஸலாம், ஷஹர் – ஸஹர், பெயர் என்ற பொருளில் ஷேம் – இஸ்ம். ஆகவே இவை உறவுச் சொற்கள் என்று கட்டுரை சொன்னது சரி. உறவு என்பது வேறு, பிறப்பு என்பது வேறு. ஷ-ல-ம என்ற மூன்று மெய்களும் குறைவில்லாமல் இருப்பதை, முழுமையாவதைக் குறிக்கும் வேர். அக்காடியத்தில் கதிரவன் மறைவதை ‘ஷலாம் ஷம்ஷி’ என்பார்கள். கதிரவன் தன் ஓட்டத்தை முடித்தான் என்பது பொருள். அந்தித் தெய்வத்துக்கு ஷலிம் என்ற பெயர் அமைந்ததற்கு இதுதான் காரணம். சலாம் சொல்கிறவர் எதிரில் இருப்பவருக்குக் குறைவில்லாத நலத்தை வேண்டுகிறார். அந்திக்கு அதில் வேலை இல்லை.

ஷலிம் உண்மையிலேயே பெயர் கொடுத்த இடம் ஒன்று உண்டு. எகிப்தில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா மடல்களில் எருசலேமின் பெயர் ‘உருசலிம்’. ஷலிம் நிறுவிய இடம் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ‘சமாதான நகரம்’ என்பது பின்னால் வந்த பொருள்கோள்.

தெய்வத்திலிருந்து இறங்கிவந்த அன்றாடச் சொற்களும் இருக்கின்றன. கட்டுரை அவற்றைத் தொடவே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் மழையை மட்டும் நம்பி விளையும் பயிருக்கு ‘பஅலீ’ என்று பெயர். நாம் மானாவாரி என்பதை அவர்கள் பாகாலின் பெயரால் சொல்கிறார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் பாய்ச்சல் நிலம் வேறு, ‘பாகால் வயல்’ வேறு. ஜகாத் என்ற கட்டாயக் கொடை பற்றிய நபிமொழி ஒன்றில், மழையாலும் ஆற்றாலும் ஊற்றாலும் விளைந்ததற்கும் ‘பஅல்’ ஆக இருந்ததற்கும் பத்தில் ஒன்று; இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. பஅல் என்பதற்கு, வேராலேயே நீர் உறிஞ்சி வாழ்வது என்று அரபு அகராதிகள் பொருள் தரும். இதே சொல்லுக்குக் கணவன் என்ற பொருளும் உண்டு. குர்ஆனில் இப்ராஹீமின் மனைவி தம் கணவரைச் சுட்டுவது இச்சொல்லால்தான் (11:72). இல்யாஸ் தம் மக்களைக் கண்டிக்கும் இடத்தில் (37:125) அதுவே சிலையின் பெயர். உடையவன் என்ற வேர்ப்பொருள் கணவனுக்கும் போயிற்று, தெய்வத்துக்கும் போயிற்று. தெய்வத்திலிருந்து நிலத்துக்கு இறங்கியது.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க விவிலியத்தின் உபாகமம் 7:13 போதும். தானியம், புதுத் திராட்சரசம், எண்ணெய், மாட்டின் ஈற்று, ஆட்டின் பெருக்கம் என்று ஐந்து விளைச்சல்கள் அதில் வருகின்றன. எபிரேய மூலத்தில் தானியம் ‘தாகான்’. உகாரித்தில் பாகாலை ‘தாகானின் மகன்’ என்பார்கள். மாட்டின் ஈற்று ‘ஷெகெர்’. யோர்தானின் தேர் அல்லாவில் 1967இல் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த சுவரெழுத்தில் ஷெகெர் தெய்வப் பெயராகவே இருக்கிறது. ஆட்டின் பெருக்கம் ‘அஷ்தெரோத்’. அஸ்தரோத் தேவியின் பெயரேதான். கொடுப்பவர் கர்த்தர் என்று சொல்லும் வசனத்தில், பழைய தெய்வங்கள் வெறும் பட்டிச் சொற்களாகிவிட்டன. தாகானை மீன் தெய்வம் என்று கட்டுரை எழுதியதும் பிழை. எபிரேயத்தில் மீனுக்கு ‘தாக்’ என்று பெயர் இருப்பதை வைத்து இடைக்கால உரையாசிரியர்கள் கட்டிய கற்பனை அது.

தம்மூஸையும் விட்டிருக்கக் கூடாது. சுமேரியரின் துமுசி என்ற மேய்ப்பர் தெய்வம் பாபிலோனிய ஆண்டின் நான்காம் மாதத்துக்குப் பெயரானான். எருசலேம் ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் அவனுக்காக அழுததை எசேக்கியேல் 8:14 சொல்கிறது. யூத நாட்காட்டியில் இன்றும் அந்த மாதம் இருக்கிறது. ஈராக்கிலும் சிரியாவிலும் ஜூலைக்குத் ‘தம்மூஸ்’, துருக்கியில் ‘தெம்முஸ்’. சம்பளத் தேதியும் திருமணப் பத்திரிகையும் அந்தப் பெயரில் அச்சாகின்றன.

நம் ஊர்ச் சாத்தனிடமிருந்துதான் சாத்தான் வந்தான் என்ற கடைசிப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எபிரேயத்தில் சாத்தான் என்றால் எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன். எண்ணாகமம் 22:22இல் பிலேயாமை மறித்து நிற்கும் கர்த்தருடைய தூதனுக்கே இந்தச் சொல் வருகிறது. யோபின் கதையில் (ஆங்கில ‘the’ போன்ற) சுட்டிடைச்சொல்லோடு வருவதால் அங்கே அது பெயர் அல்ல, பதவி. நம் சாத்தனோ பழந்தமிழகத்தின் சாதாரண ஆண் பெயர்; இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுக்குக் கூப்பிடும் ஆள். செங்கடல் கரையில் எகிப்தின் குசைர் அல்-காதிமில் கிடைத்த தமிழ்-பிராமி பானையோட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டால், அந்தப் பெயரைத் தாங்கிய வணிகருக்கும் புலவருக்கும் செய்யும் அநீதி அது.

அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது பாகால் என்றே அச்சிடுங்கள். தமிழ் விவிலியம் நடுவிலுள்ள தொண்டை ஒலியைக் ககரத்தால் காட்டித்தான் அப்படி எழுதியது. ‘பால் தெய்வம் பொழிந்தது’ என்று நீங்கள் போட்டிருந்த தலைப்பைப் பார்ப்பவருக்கு மழை நினைவுக்கு வராது.

அன்புடன்,
வாசகர், காயல்பட்டினம்