சென்னையின்... அப்புறம்?

சத்துவாச்சாரி, வேலூர்
20.4.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் வாசனை பிடிக்கவில்லை என்கிறார்.

போன வாரம் வீடியோ காலில் உன் பிள்ளை அவன் அப்பாவின் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து டீமின் மஞ்சள் சட்டையோடு வந்து நின்று, "பாட்டி, உங்க டீம் எப்பவுமே தோக்குமா?" என்று கேட்டான். பின்னால் மாப்பிள்ளை சிரித்தது எனக்குக் கேட்டது. ஆறு வயதுப் பிள்ளையை நான் என்ன சொல்வது? நம் சென்னையின் எஃப்.சி. ஆடி அவன் விவரம் தெரிந்து பார்த்த முதல் சீசன் இதுதான். நவம்பரில் உங்கள் கொச்சியில் 0-3, ஜனவரியில் நம் சென்னையிலேயே 1-3, முடிவில் 13 அணிகளில் 11-ஆவது இடம். அவன் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற சண்டையை இப்போது எடுக்கவில்லை. நீயே படித்துக் காட்டு.

முதலில் அந்தப் பெயர். 'சென்னையின்' என்றால் என்ன? சென்னையின் எது? முப்பது வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவளுக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி. 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருளில் வரும். இத்தனை வருடங்களில் வந்து போன கோச்சுகளை எண்ணிப் பார்த்தால், இங்கே நீங்கல் பொருள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற அந்தக் கால்பந்து லீக் தொடங்கியபோது எனக்கு அதில் ஒரு ஈடுபாடும் இல்லை. நீயும் அப்பாவும்தான் பைத்தியமாக அலைந்தீர்கள். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி கணக்கு விஷயமாக அவர் மாதம் இரண்டு தடவை பெரியமேட்டுக்குப் போவார். தோல் மண்டிகளிலிருந்து நடக்கிற தூரத்தில் நேரு ஸ்டேடியம். பில் வாங்கப் போன மனுஷர் டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். கோச் மாட்டெராஸி. "உலகக் கோப்பை ஃபைனலில் ஜிதான் நெஞ்சில் முட்டினாரே, அந்த ஆள்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிரேசில்காரர் எலானோ 8 கோல் அடித்து, அந்த வருடம் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார். அணி பட்டியலில் முதலிடம். ஆனால் முதலிடத்துக்கென்று அப்போது தனியாகப் பரிசு கிடையாது, செமி ஃபைனல் ஆடித்தான் ஆகவேண்டும்.

அந்த செமி ஃபைனல் யாரோடு என்று மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கொச்சியில் 0-3. சென்னையில் நாம் 3-0 போட்டு மொத்தக் கணக்கைச் சமன் செய்தோம். எக்ஸ்ட்ரா டைமில், இன்னும் சில நிமிடம் தாண்டினால் பெனால்டி என்கிற நிலையில், பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளாவுக்கு ஒன்று அடித்தார். எல்லாம் முடிந்தது. நீயும் அப்பாவும் ராத்திரி ரயில் பிடித்து, விடியற்காலை காட்பாடியில் இறங்கி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் படுத்தீர்கள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நான் பயந்தேன்.

அடுத்த வருடத்தைத்தான் உன் பிள்ளைக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும். 2015 நவம்பரில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அப்புறம் கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது. அதற்குள் சென்னையே தண்ணீரில் மூழ்கிவிட்டது. சைதாப்பேட்டையில் உன் சித்தி வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க வெள்ளம், நினைவிருக்கிறதா? ஊரே அப்படி இருக்கும்போது பந்து விளையாட்டை யார் பார்ப்பார்கள்? நம் சொந்த மைதானத்து செமி ஃபைனலைப் புனேயில் வைத்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். திரும்ப அவர்கள் ஊரில் 1-2. மொத்தம் 4-2 என்று ஃபைனலுக்குப் போனோம்.

டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவில் கோவா அணியோடு. நீ மாடியில் உன் லேப்டாப்பில், நாங்கள் கீழே டிவியில். நாம் ஒன்று போட்டோம், நாலே நிமிடத்தில் அவர்கள் திருப்பினார்கள். 87-ஆவது நிமிடம் அவர்கள் இரண்டாவது அடித்ததும் அப்பா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, கேட்டைப் பூட்டுகிறேன் என்று வெளியே போய்விட்டார். நான் மாவு கரைக்க அடுக்களைக்குள் போனேன். மேலிருந்து நீ கத்திய கத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. 90-ஆவது நிமிடம் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி சேம் சைடு கோல் போட, அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் நம் மெண்டோசா ஒன்று அடித்து 3-2. அந்த சீசனில் அந்தப் பையனுக்கு அது 13-ஆவது கோல். நீ இறங்கி ஓடி வந்து டிவியைப் போட்டபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அப்பா சொல்வது, கரண்ட் போய்விட்டதாம். எந்த ஊரில் கரண்ட் ஒரே ஒரு டிவிக்கு மட்டும் போகும்?

2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது. விடு.

2018 நமக்கு மட்டும் உரியது. மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். பல் வலி என்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸில் நான் எழுதிய ஒரே பொய் விடுப்புக் கடிதம் அதுதான். ஸ்டேடியத்துக்குள் முதல் தடவை காலை வைத்தேன், காது அடைத்துப் போயிற்று. கோவா மறுபடியும் எதிரில். அங்கே 1-1 முடிந்திருந்தது. இங்கே ஜெஜே ஒன்று போட, சில நிமிடத்தில் தனபால் கணேஷ் தலையால் இடித்து இரண்டாவது. வியாசர்பாடிப் பையன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கி "நம்ம புள்ளம்மா" என்றார். முடிவு 3-0. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு நீயும் நானும் தனியாகப் போய்வந்த கடைசி இடம் அது. திரும்பும்போது சென்ட்ரலில் நின்றுகொண்டு தட்டு இட்லி சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பே இல்லை என்று நீ சொன்னாய், எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து பெங்களூரில் ஃபைனல். லீக்கில் அவர்கள் நம்மைவிட 8 பாயிண்ட் மேலே முடித்தவர்கள், ஊரும் அவர்களுடையது. 9-ஆவது நிமிடமே சேத்ரி கோல். ஆனால் இரண்டு கார்னரில் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தடவை தலையால் முட்டி உள்ளே தள்ளினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. மறுபடியும் அதே 3-2. இந்தத் தடவை ரிமோட் என் கையில் இருந்தது.

இரண்டாவது கோப்பை வந்த கையோடு அடுத்த சீசனில் கடைசி இடம். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, மொத்தம் 9 பாயிண்ட். ஆசியப் போட்டியில் ஆடப் போனார்கள், அதில் நம் வீட்டு ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன! அப்பா அத்தோடு கைகழுவிவிட்டார். இன்றும் "ஸ்கோர் மட்டும் சொல்லு" என்பார். சொன்னால், அந்த ஆட்டம் முழுக்கத் தெரிந்த மாதிரி திட்டுவார்.

2019 டிசம்பரில் ஓவன் காய்ல் என்றொரு கோச் வந்தார். மறுபடியும் அடியிலிருந்து ஏறி ஃபைனல். செமி ஃபைனலில் கோவாவை இங்கே 4-1, அங்கே போய் 2-4, ஒரு கோல் கணக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு தப்பித்தோம். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். ஃபைனல் 2020 மார்ச் 14. கொரோனாவால் ஒரு ஆள் இல்லாத ஸ்டேடியம். பந்து உதைக்கிற சத்தமும் கோச் கத்துகிற சத்தமும் டிவியில் தனித்தனியாகக் கேட்டது. கொல்கத்தாவிடம் 1-3. நீ கைக்குழந்தையோடு வந்திருந்தாய். பத்து நாளில் ஊரடங்கு, மூன்று மாதம் இங்கேயே மாட்டிக்கொண்டாய். தோற்றதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். வீட்டில் பிள்ளை இருந்தான்.

அதற்கப்புறம் மூன்று சீசன் தொடர்ந்து எட்டாவது இடம். அதில் இரண்டு சீசன் முழுக்கக் கோவாவிலேயே அடைத்து வைத்து ஆடினார்கள். 2021 நவம்பரில் இங்கே பாலாறு இரு கரையும் புரண்டது. மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத ஊர் முழுவதும் பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தது, நாங்களும்தான். அந்த வருடம் பார்க்கும்படியாக நடந்தது அது ஒன்றுதான். கோச் பாதியில் போனார். நம்மூர் சபீர் பாஷா கொஞ்ச நாள் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அப்புறம் காய்லே திரும்பி வந்து 2024-ல் ஆறாவது இடத்தில் பிளே ஆஃப் வரை கொண்டுபோனார். அங்கே கோவா பழைய கடனை 2-1 என்று வசூல் செய்துகொண்டது. இந்த வருடக் கதை உன் பிள்ளைக்கே தெரியும்.

அவனிடம் இதைச் சொல்: பாட்டி டீம் தோற்கும், நிறையவே தோற்கும். வீட்டில் இரண்டு கோப்பை இருக்கிறது. அவன் அப்பா டீம் 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் ஆடியது, கோப்பை வைக்கிற அலமாரியில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. இந்தக் கடைசி வரியை மாப்பிள்ளை இருக்கும்போது சத்தமாகப் படி. மரியாதைக் குறைவு என்று நினைத்தால் அம்மா எழுதியது என்று சொல்லிவிடு.

மே விடுமுறைக்கு எர்ணாகுளத்திலிருந்து எந்த ரயில் என்று சீக்கிரம் சொல். அப்பா காட்பாடிக்கு வருவார். இலவம்பாடிக் கத்தரிக்காய் அதுவரை கிடைக்குமா தெரியவில்லை, மக்கன்பேடா உறுதி. பிள்ளையின் தோள் அளவும் எழுது. நம் டீமின் நீலச் சட்டை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டவர், 2015 வந்ததும் நிமிர்ந்து, "அவன் ரெண்டாவது கோல் போட்டதுக்கு அப்புறம் எவன் உட்கார்ந்து பார்ப்பான்?" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார், முழங்கால் வலியோடு.

அன்புடன்,
அம்மா