எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்க பயப்படும் அம்மாவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளுக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) இடம் கிடைத்திருக்கிறது, மதம் மாற்றிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள், சேர்க்கலாமா என்று சென்ற இதழில் ஓர் அம்மா கேட்டிருந்தார். ‘யோசித்து முடிவெடுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரியில் அதே படிப்பைப் படித்து, இப்போது மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் நான். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. அப்பாவைச் சம்மதிக்கவைக்க ஒரு வாரம் ஆனது.

முதல் பருவத்தில் முதியோர் இல்லத்தில் களப்பணி, வாரத்துக்கு இரண்டு நாள். அங்கே ஒரு பாட்டி மகனை நினைத்து அழுதுகொண்டே இருப்பார். “தினமும் பிள்ளையார் கோயிலை ஒரு சுற்று சுத்திட்டு வாங்க பாட்டி, மனசு லேசாகும்” என்று சொன்னேன். அதைப் பெருமையாக என் களப்பணிக் குறிப்பேடான ரெக்கார்டிலும் எழுதிவைத்தேன். என் சூப்பர்வைசர் ஒரு சிஸ்டர். அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: “இது பாட்டியின் நம்பிக்கையா, உன்னுடையதா? அவரிடம் கேட்டாயா?” நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டேன். வீட்டுக்காரர் போன நாளிலிருந்து சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். போதனைக்குப் பயந்துகொண்டு கல்லூரியில் சேர்ந்த நான்தான், அந்தப் பாட்டிக்குப் போதனை செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் பாடத்தில் உள்ளதைத்தான் சொன்னார். கேஸ் ஒர்க், அதாவது தனிநபருக்கு உதவும் முறை பற்றிய வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த ஏழு கோட்பாடுகளை 1957இல் நூலாக எழுதிய ஃபெலிக்ஸ் பைஸ்டெக், ஓர் இயேசு சபைப் பாதிரியார். உதவி தேடி வருபவரைக் குறை சொல்லாதே, அவர் சொன்னதை வெளியே விடாதே, தன் வாழ்க்கையை அவரே தீர்மானிக்கட்டும் என்பதெல்லாம் அந்த ஏழில் வருபவை.

அப்புறம், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் யாரையும் சம்மதமில்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சாசனம் 28(3) இதைச் சொல்கிறது. எங்கள் கல்லூரியில் காலைப் பிரார்த்தனை உண்டு. ஏன் வரவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். கருக்கலைப்பு பற்றிய பாடத்தை அரை வகுப்பில் முடித்துவிட்டார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பெண், “வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாக்கா?” என்று கேட்டாள். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும் என்பது தெரியாமல், மாடிக்கு ஓடி டாக்டரிடம் கேட்டு வந்தேன். அவ்வளவு நேரமும் அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சபைக்கு ஒரு கொள்கை இருக்கலாம், சரி. சட்டத்தை முழுசாகச் சொல்லித்தராதது தப்புதான்.

அந்த அம்மா கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்கட்டும்: களப்பணிக்கு எங்கெல்லாம் அனுப்புகிறீர்கள்? அரசு மருத்துவமனை, சிறை உண்டா, அல்லது உங்கள் சபையின் இல்லங்கள் மட்டும்தானா? ரெக்கார்டை வாராவாரம் யார் படிக்கிறார்கள்? கிராம முகாமுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு ஆகும்? அங்கே படித்த பெண்கள் இரண்டு பேரிடம் பேசிவிடுவதும் நல்லது. என்னிடம் பேசுவதானாலும் சரி, என் முகவரியைத் தனியே இணைத்திருக்கிறேன், அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ சமூகப் பணியாளர்,
மதுரை.