ஹாவ் பார் வில்லாவுக்குப் போய் வந்தேன்

அன்புத் தோழிக்கு,

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே ஜூன் விடுமுறை. சென்ற சனிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கிலுள்ள நம் சிலைப் பூங்காவான ஹாவ் பார் வில்லாவுக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது.

ரங்கூனில் பிறந்து, டைகர் பாம் தைலத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த ஆவ் பூன் ஹாவ், தம்பி பூன் பாருக்காக 1937இல் அந்தக் குன்றின்மேல் மாளிகை கட்டினார் என்பதைச் சிறுவயதில் நாம் அறிந்திருக்கவில்லை. போருக்குப் பின் மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது. சிலைகள் மட்டும் நிலைத்தன. ஓர் அண்ணனின் பாசத்தில் பிறந்த அந்த இடத்தில், காசு கொடுக்காமல் நம்மைப் போன்ற பிள்ளைகள் நாள் முழுவதும் ஓடித் திரிந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் நெகிழ்ந்துபோகிறேன். 1990இல் அதை ‘டிராகன் உலகம்’ என்ற கேளிக்கைப் பூங்காவாக்கிப் படகுச் சவாரியெல்லாம் வைத்தார்கள். அவை போய்விட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பழைய சிலைகளே இன்னும் நிற்கின்றன.

இறந்தவர்களின் பாவங்களுக்குத் தண்டனை தருவதாகச் சீனர் நம்பும் நரகத்தின் பத்து மன்றங்களைக் காட்டும் சிலைகள் 2021 முதல் தனி அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. எட்டாம் மன்றத்தின் முன் நின்றபோது என் கை தானாகவே உன் கையைத் தேடியது. தேர்வில் ஏமாற்றியவர்களுக்கும் பெற்றோரைத் துன்புறுத்தியவர்களுக்கும் அங்கே குடலை உருவுகிறார்கள். சிறுவயதில் நாம் அதைப் பார்த்த வாரம்தான் சொல்வதெழுதுதலில் உன் தாளைப் பார்த்து நான் இரண்டு சொற்களை எழுதியிருந்தேன். குடலை உருவிய அந்தச் சிறிய பூதத்தின் கண்களில் தீட்டியிருந்த சிவப்பு இரவெல்லாம் என்னை உறங்க விடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னபோது நீ பக்கத்திலேயே நின்றாய். எந்த நீதி வகுப்பும் செய்யாததை அந்தச் சுதைப் பொம்மை செய்தது என்று இன்றும் நம்புகிறேன்.

ஐந்தாம் மன்றத்து அரசர் யான்லுவோ வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனம் சென்ற நம் எமன்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் வியந்துபோய், "அப்படியென்றால் இவர் நமக்குச் சொந்தமா, பாட்டி?" என்று கேட்டாள். சீனர் வீட்டுப் பிள்ளைகளோடு நாமும் அந்தக் கூட்டத்தில் அந்நியராக உணராமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

வெளியே, மனிதத் தலை கொண்ட அந்த நண்டு அப்படியே இருக்கிறது! குனிந்து பார்த்தேன்; பழைய வண்ணத்தின்மேல் புது வண்ணம் பூசிப் பூசி, ஓட்டின் விளிம்பு தடித்து வழவழப்பாகியிருக்கிறது. யாரோ ஒருவர் பொறுமையாகத் தூரிகையோடு உட்கார்ந்து அதைக் காப்பாற்றியிருக்கிறார் என்று எண்ணியபோது, அவரைத் தேடிப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாறையைத் தாண்டினால் அன்று கடல் தெரியும். இன்று அந்தத் திசையில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளே தெரிகின்றன. அது ஒன்றுதான் வருத்தம்.

அந்த நண்டுக்குப் பக்கத்தில் நாம் இருவரும் ஒரே மாதிரி ரிப்பன் கட்டி நின்ற படம், உன் அம்மாவின் ஆல்பத்தில் இருந்ததல்லவா? என்னிடமிருந்த பிரதி வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. கிடைத்தால் ஒரு நகல் அனுப்பு. பேத்தி அதே இடத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி