உன் யாஷிகாவில் விழுந்த ஆச்சி

நாகர்கோவில்

மக்கா,

சுகம்தானே? இங்கே மூணு நாளாக மழை விடவில்லை. சாயா குடித்துக்கொண்டு வீட்டில் அடைந்து கிடக்கிறேன். கிடந்த நேரத்தில் ஒரு வேலை பார்த்தேன், கறுப்புத் தாளில் ஆச்சியின் நிழலுருவத்தை வெட்டினேன். அதில் உனக்கும் பங்கு உண்டு.

ஆச்சிக்கு ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை என்று அம்மை புலம்புவது உனக்குத் தெரியும். வாக்காளர் அட்டையில் இருப்பவள் எங்கள் ஆச்சியே இல்லை, களவு கேசில் பிடிபட்டவள் மாதிரி முழிக்கிறாள். போன மாதம் பழைய பெட்டியை ஒதுக்கியபோது, அக்கா கல்யாணத்தில் உன் யாஷிகா கேமராவில் நீ எடுத்த படம் ஒன்று கிடைத்தது. மாப்பிள்ளையை எடுக்கப் போய்ப் பந்தியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாய். பிரதமன் வந்தும் பப்படம் வரவில்லை என்று ஆச்சி யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறாள், முழுசாகப் பக்கவாட்டில். முகம் கலங்கல்தான். ஆனால் பின்னால் வெள்ளைச் சுவர், அதனால் விளிம்பு தெளிவு. நிழலுருவம் வெட்ட அது போதும்.

ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கி, பட்டர் பேப்பரில் விளிம்பை எடுத்தேன். கறுப்புத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் வரைந்து வெட்டிவிட்டுத் திருப்பினால், ஆச்சி எதிர்ப்பக்கம் பார்த்து ஏசுகிறாள்! பட்டர் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு வரைந்திருக்க வேண்டும். இரண்டாவது தாளில்தான் கை படிந்தது. கத்தரியைத் திருப்பக் கூடாது, தாளைத்தான் திருப்ப வேண்டும். மூக்கு, உதடு, தாடை இவற்றை முதலில் வெட்டிவிடு. அங்கே ஒரு நூல் பிசகினாலும் ஆள் மாறிப் போகும். கொண்டையில் பிசகினால் யாருக்கும் தெரியாது.

இந்த நிழலுருவத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் சிலுவெட், அது ஒரு மந்திரியின் பெயராம். எத்தியேன் தெ சிலுவெட், 1759 இல் எட்டு மாதம்போல் பிரான்சுக்கு நிதி மந்திரி. சிக்கனம் சிக்கனம் என்று அவர் உயிரை எடுத்ததில், மலிவான சாமானுக்கெல்லாம் ஊர் அவர் பெயரை வைத்துவிட்டது. ஓவியனுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விழும் நிழலைத் தாளில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1839 இல் புகைப்படம் வந்த பிறகு அந்தத் தொழில் மெல்லப் படுத்துவிட்டது. நான் புகைப்படத்திலிருந்து நிழலுக்குத் திரும்பிப் போகிறேன், பார்த்துக்கொள்.

வெட்டி முடித்து அம்மையிடம் காட்டினால், "இது ஆருலே?" என்கிறாள். காதில் தொங்கும் பாம்படத்தைக் காணோம்! காது முகத்துக்குள்ளேதானே கிடக்கிறது, மொத்தமும் கறுப்பில் போய்விட்டது. தோளில் ஆடும் அந்தக் காது இல்லாவிட்டால் ஆச்சி யாரோ ஒரு ரிட்டயர்டு டீச்சர்.

உள்ளே ஓட்டை போட்டால் அது நிழலாகுமா என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். அப்புறம் தோல்பாவைக் கூத்து நினைவு வந்தது. நம்ம பக்கத்துப் பாவைக்குச் சாயம் உண்டு, ஆட்டுத்தோல் வழியே நிழலே நிறமாக விழும். பாலக்காட்டுப் பக்கம் நிழல் கறுப்பு. பாவை போட்டிருக்கும் நகையெல்லாம் வெறும் ஓட்டைதான், அதன் வழியாகத்தான் விளக்கு தெரியும். பிளேடை எடுத்துப் பாம்படத்தை மட்டும் செதுக்கி எடுத்தேன். அம்மை ஒன்றும் பேசவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சாமி அறையில் வைத்துவிட்டாள்.

இந்தக் கவரில் இருப்பது வெட்டியது போக மிஞ்சிய தாள். ஆச்சி வடிவத்தில் ஓட்டை இருக்கும். அடியில் வெள்ளைத் தாளை வைத்தால் உனக்கு வெள்ளை ஆச்சி வருவாள். பாம்படம் தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் இருக்கிறது, பசை தொட்டு ஒட்டிக்கொள். கொசு அளவுதான் இருக்கும், ஃபேனை நிறுத்திவிட்டுப் பிரி.

உன் பழைய பெஞ்சுக்காரன்